லென்ஸில் கோளாறு இல்லை

கோளாறு லென்ஸில்தான் என்று முதலில் நினைத்தேன். கேமரா பைத்தியம் பிடித்தவன் எவனும் அப்படித்தான் நினைப்பான். படம் நன்றாக வந்தால் அது நான் எடுத்தது, கெட்டுப்போனால் அது லென்ஸ் கெடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் டாக்டருக்குப் படித்தவனும் எட்டாவதோடு நின்ற நானும் ஒரே ஜாதி.

எனக்கு வீடு எடமலைப்பட்டி புதூரில். கடை மண்ணச்சநல்லூரில். அரிசி மில்களுக்குச் சாக்கு விற்கிறேன். ஊருக்கெல்லாம் அரிசி போகிறதே, அதற்குச் சட்டை தைத்துப் போடுகிறவன் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தைப்பதும் நானில்லை, எங்கோ வடக்கே தைத்து வருகிறது. நான் கட்டைப் பிரித்து எண்ணிக் கொடுக்கிறேன். அதிலும் தப்பாகத்தான் எண்ணுவேன் என்று மில்காரர்கள் சொல்கிறார்கள்.

கேமரா என் கைக்கு வந்ததே கிழிந்த சாக்கால்தான். வருகிற கட்டில் இழை விட்டுப்போன சாக்குகள் இருக்கும். போன் செய்து சொன்னால் அங்கே நம்பமாட்டார்கள், போட்டோ அனுப்பு என்பார்கள். போனில் எடுத்து அனுப்பினால் தெளிவாக இல்லை என்பார்கள். கோபத்தில் ஒரு கேமரா வாங்கினேன். சாக்கின் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கிழிந்த சாக்கை எடுத்தவன் கிழியாத சாக்கை எடுத்தேன். அப்புறம் சாக்கைத் தூக்குகிறவரை எடுத்தேன். அதோடு சாக்கு போய்விட்டது, ஆள் மட்டும் நின்றுவிட்டார்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளிடம் பேச்சுக் கொடுப்பேன். வாய் பாட்டுக்குப் பேசும், கண் கேமராவில் இருக்கும். பேசிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அந்த ஆள் எதிரில் கேமரா இருப்பதை மறந்துவிடுவார். அப்போது அவருடைய சொந்த முகம் வெளியே வரும். அது வருகிற வரைக்கும் தூக்கிய கையை இறக்காமல் காத்திருக்க வேண்டும். வந்ததும் ஒரு கிளிக். யாரும் சொல்லித் தராமல், யாரிடமும் திட்டு வாங்காமல், என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது. கல்யாணத்தையும் கடையையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டையும் நடத்துகிறவள் என் வீட்டுக்காரி.

நான்கைந்து கேமரா மாறி, கடைசியில் மீடியம் ஃபார்மட் டிஜிட்டலில் வந்து விழுந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவுக்குள் படம் விழுகிற தகடு ஒன்று இருக்கிறது, சென்சார் என்பார்கள். நல்ல கேமரா என்று ஊரில் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அதில் இது ஒரு தபால் தலை அளவு இருக்கும். மீடியம் ஃபார்மட்டில் தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவு. “இம்புட்டுத்தான் வித்தியாசமா?” என்று வீட்டுக்காரி கேட்டாள். இவ்வளவுதான். விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. இதை அவள் படிப்பாள் என்பதால் இங்கேயும் சொல்வதாக இல்லை.

ஆனால் அந்தத் தீப்பெட்டி செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். மூட்டை தூக்குகிறவரின் கழுத்தில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு போட்டிருக்கும், அது தெரியும். முன்கை முடியில் ஒட்டியிருக்கிற சணல் தூசி தெரியும். படத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் போய் நின்றாலும் கண் இமை முடியை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். என் மில் ஆட்களை இப்படி ஆள் உயரத்துக்கு எடுத்து, பிரிண்ட் போட்டு, கடைச் சுவரில் வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. சாக்குக் கடையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். எலி பார்க்கும்.

திருச்சியில் இந்தச் சைஸ் கேமரா வைத்திருக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவருக்குச் சிரமம் இருக்காது. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் எனக்கு நெருக்கம், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிற ஒரு பேங்க் மேனேஜர். ரிட்டயர் ஆனவர். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை ஓய் என்பார். அவருக்குக் கோபுரத்துச் சுதை பொம்மைகள்தான் உலகம். கீழே தெருவில் நின்றபடி, மேல் நிலையில் நிற்கிற ஒரு துவாரபாலகரை எடுப்பார். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் கண் இமை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு முறை பெருமாள் சேவை ஆன மாதிரி.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புது லென்ஸ் வாங்கினாலும் முதலில் சாமி வீட்டுக் கொல்லைச் சுவரில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். சுவரில் செய்தித்தாள் ஒன்றை விரித்து ஒட்டி, நாலு மூலையும் எழுத்து மசங்காமல் வருகிறதா என்று பார்ப்போம். அதற்கு இரங்கல் விளம்பரப் பக்கம்தான் தோது. பொடி எழுத்தும் இருக்கும், முகமும் இருக்கும். செத்தவர்கள் ஆடவும் மாட்டார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் சாமி ஒருவர்தான் சிரிப்பார்.

கோளாறு அம்மா மண்டபத்தில் ஆரம்பித்தது. படித்துறைக்குப் போகிற வழியில் தாமரை விற்கிற ஒரு அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கூடையைப் பற்றி ஆரம்பித்து, மருமகளைப் பற்றிச் சொல்லி, மருமகளின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வரும்போது சொந்த முகம் வந்தது. எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் இமை முடி ஒவ்வொன்றும் இரண்டாக இருந்தது. எல்லாம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிருந்தது. சின்ன சென்சாரில் இது தெரியவே தெரியாது. இதில் கடுகளவு அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டு என்று குரூப்பில் சொன்னார்கள். கூட்டினேன். அடுத்த வாரம் சில படம் கத்தி மாதிரி வந்தது, சில படம் மசங்கியது. நல்லதாக வந்த படமெல்லாம் தூக்கிய உடனே எடுத்தவை. காத்திருந்து எடுத்தவை எல்லாம் போச்சு. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கவனித்தது இன்றைக்கு, உட்கார்ந்து எழுதும்போது.

லென்ஸைக் கொல்லைச் சுவருக்குக் கொண்டுபோனேன். சாமி இரங்கல் பக்கத்தை ஒட்டினார். நடுவில் பெரிய மீசை வைத்த ஒருவர் இருந்தார். ஓரத்து எழுத்தை எல்லாம் பார்த்து, ஃபோகஸ் வைத்து, நிதானமாகக் காத்திருந்து எடுத்தேன். மீசைக்காரருக்கு இரண்டு மீசை வந்தது. சாமி கேமராவை வாங்கி அவர் ஒன்று எடுத்தார். பின்னால் திரையில் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். நான் அப்போது கேமராப் பைக்கு ஜிப் போட முயன்றுகொண்டிருந்தேன். தன் படத்தை என்னிடம் காட்டாமல் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, வீட்டில் பார்க்கிறேன் என்றார். சாயந்தரம் போன் வந்தது. லென்ஸில்தான் கோளாறு, சில பீஸ் இப்படி வந்துவிடும், சர்வீசுக்கு அனுப்பும் என்றார்.

சென்னைக்கு அனுப்பினேன். லென்ஸில் கோளாறு இல்லை என்று திரும்பி வந்தது. அவர்களுக்குக் கண் இல்லை என்று குரூப்பில் எழுதினேன். வேறு லென்ஸை எக்ஸ்சேஞ்சில் வாங்கினேன். அதுவும் மசங்கியது. ஒரே ஆளுக்கு இரண்டு லென்ஸ் எப்படிக் கெட்டதாகவே அமையும் என்று யோசித்திருக்க வேண்டும். என் ராசி என்று விட்டுவிட்டேன். ராசி என்று ஒன்று இருக்கிறவனுக்கு மூளையால் பெரிய உபயோகம் இல்லை.

பிறகு சாமிதான் ஒரு வழி சொன்னார். புதுசாக வருகிற கேமராக்களில் சென்சார் தகடே உள்ளுக்குள் மிதந்துகொண்டிருக்கும். கை இடதுபக்கம் அசைந்தால் தகடும் கூடவே நகர்ந்து அந்த அசைவைச் சரிக்கட்டிவிடும். பழைய கேமராவைக் கொடுத்துவிட்டு அப்படி ஒன்றை வாங்கினேன். முதல் நாளே மில் களத்தில் நெல் துழாவுகிற ஒருவரை எடுத்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆடாத குறைதான். கம்பெனிக்காரன் காலில் விழலாம் என்று இருந்தது, ஜப்பான் தூரம்.

சில மாதம் சுகமாகப் போனது. அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்குள்ளும் எதுவும் அசையாது. உலகம் கோந்து போட்டு ஒட்டின மாதிரி நிற்கும். கண்ணை எடுத்தால்தான் கையில் என்னமோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அதனால் கண்ணை எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கடையில் வேலை இல்லாத நேரத்திலும் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சும்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டை தூக்குகிறவர்கள் முதலாளிக்கு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் இன்னொரு பக்கம் வேறு என்னவோ நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி காபியை டம்ளரில் பாதிதான் ஊற்றினாள். கேட்டால் அப்புறம் இன்னொரு தடவை தருகிறேன் என்பாள், தருவாள், அதுவும் பாதி. பால் விலையை நினைத்துச் சிக்கனம் செய்கிறாள் என்று கிண்டல் செய்தேன். கடைக்குக் கிளம்பும்போது வந்து நின்று சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து நம் மேல் ஆசை வந்திருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டு போனேன். ஆம்பளைக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் ஜீரணமாகும்.

ஒரு காலையில் சாமி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் உள்ளே திருவாராதனப் பூஜையில் இருந்தார். மாமி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனார். அதில் படங்கள் தானாக மாறிக்கொண்டிருந்தன. துவாரபாலகர் வந்தார், யாளி வந்தது, இன்னொரு துவாரபாலகர் வந்தார். அப்புறம் மீசைக்காரர் வந்தார். அதே இரங்கல் பக்கம், அதே சுவர், ஓரத்தில் என் செருப்பின் நுனி. ஒரே ஒரு மீசை. மூலையில் இருந்த பொடி எழுத்தில் எந்த ஊரில் காரியம் என்பது வரைக்கும் தெரிந்தது. படம் மாறிவிட்டது. அது மறுபடி சுற்றி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

சாமி திருமண் ஈரம் காயாமல் வந்தார். நான் திரையைக் காட்டினேன்.

“சாமி, இது யாரு லென்ஸு?”

“உம்மதுதான்.”

“அன்னிக்கு எடுத்ததா?”

“அன்னிக்கு எடுத்ததுதான்.”

“அப்ப லென்ஸ்ல ஒண்ணுமில்ல.”

“லென்ஸ்ல ஒண்ணுமில்ல ஓய்.”

மாமி தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். உள்ளங்கையில் விழுந்த தீர்த்தம் நிற்கவில்லை. மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தன் தகப்பனாருக்கும் இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்தது என்று சாமி சொன்னார். சுவர் முன்னால் நான் ஜிப் போடும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

“ஏன் சாமி அன்னிக்கே சொல்லல?”

“லென்ஸ்னு நீரே சொன்னீர். அந்த மட்டும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணித்து.”

“பொய் சொன்னா பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?”

“தெனம் போய் மன்னிப்பு கேட்டுண்டுதான் இருக்கேன். உம்ம ஆத்துக்காரிக்கும் தெரியும் ஓய். அப்புறம் அவாளே எனக்கு போன் பண்ணினா.”

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். காவிரிப் பாலத்தில் போகும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிற கை ஆடவில்லை. மடியில் சும்மா கிடந்த இன்னொரு கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பொடி உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தன. நான் சொல்லாமலே வேலை செய்கிற ஒரே உறுப்பு. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்காரி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“நாலு பட்டன் போடறதுக்குள்ள நீங்க ஒரு பாட்டு முழுசையும் பாடி முடிச்சுடறீங்க. தெரியாம இருக்குமா?”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னா அந்தப் பெட்டிய வச்சுடுவீங்க. வச்சுட்டு வீட்ல உக்காந்து என் உசுர எடுப்பீங்க.”

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

தில்லைநகரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் வரி ஒரு மாதிரி இருந்தது, நாலாவது வரி எறும்பு மாதிரி சின்னதாகிவிட்டது. எழுத்து எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று கேட்டார். எட்டாவதிலிருந்து என்றேன். என் வாத்தியார் இதே எழுத்துக்காகத்தான் என்னை முட்டி போடவைத்தார், அவருக்கு அப்போதே வியாதி தெரிந்திருக்கிறது என்றேன். டாக்டர் நல்லவர், சிரிக்கலாமா என்று என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அவரும் சிரிக்கவில்லை.

நடுக்கத்தில் ஆரம்பித்து உடம்பை மெல்ல மெல்ல இறுக்குகிற வியாதி என்று சொல்லி, அதன் பெயரையும் சொன்னார். குணமாகாது, மாத்திரையால் தள்ளிப்போடலாம் என்றார். எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று கேட்டேன். ஆளைப் பொறுத்தது என்றார். நான் கேமரா விஷயத்தைச் சொன்னேன். கையில் பிடித்துத்தான் எடுப்பேன், காத்திருந்துதான் எடுப்பேன், அது ஒன்று மட்டும் மிஞ்சுமா என்று கேட்டேன். அவர் மாத்திரைச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, “ஸ்டாண்ட் வச்சு எடுங்களேன்” என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அது மிஞ்சாது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மாத்திரை கேட்டது. போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கை அடங்கும், அப்புறம் கொஞ்ச நேரத்தில் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடும். அந்த இடைவெளிக்குள் படம் எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். எனக்கு வேண்டிய வெளிச்சம் காலையில் மில் களத்தில் சாய்வாக விழுகிற வெளிச்சம். அது வருகிற நேரத்தில் மாத்திரை வேலை செய்யாது, மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் வெயில் உச்சியில் நின்று எல்லோரையும் குரங்கு மாதிரி காட்டும். முன்கூட்டியே போட்டுப் பார்த்தேன். வாந்தி வந்தது. சூரியனையும் மாத்திரையையும் ஒன்றாகக் கட்டிவைக்க எனக்குத் தெரியவில்லை. உள்ளே மிதக்கிற அந்தத் தகட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. என் கை அதைத் தாண்டிவிட்டது. வ்யூஃபைண்டருக்குள் கோந்து போட்டு நின்ற உலகமும் மெல்ல அசைய ஆரம்பித்தது. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதுவரைக்கும் நான் ஆடாமல் இருக்க அந்த ஓர் இடம் இருந்தது.

சாமி தன்னுடைய டிரைபாடைக் கொடுத்தார். களத்தில் மூன்று காலையும் விரித்து நிறுத்தி, கேமராவை மாட்டி, தொட்டால் ஆடும் என்று ஒயரில் கிளிக் வைத்து, சர்க்கஸ் போடுகிறவன் மாதிரி நின்றேன். மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், என்னிடம் அதிகம் படம் எடுத்துக்கொண்டவர். அவரைக் கூப்பிட்டேன். வந்து நின்றார்.

“ஆடாம நிக்கணுமாண்ணே?”

“நீங்க ஆடலாம். நான்தான் ஆடக்கூடாது.”

அவர் ஸ்டாண்டைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கையை இரண்டு பக்கமும் ஒட்டிவைத்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்தேன். ஆமாங்க, இல்லீங்க என்று பதில் சொன்னார். இத்தனை நாள் என்னிடம் மனைவியைத் திட்டி, மகனைத் திட்டி, அரசாங்கத்தைத் திட்டிய மனிதர் அவர். படம் அட்டகாசமாக வந்தது. ஒரு முடி மசங்கவில்லை. ஆதார் கார்டில் ஒட்டலாம். சொந்த முகம் வரவே இல்லை. மூன்று கால் முளைத்த ஒன்றின் எதிரே எவனும் தன்னை மறக்கமாட்டான்.

ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினேன். கழற்றுகிறபோது விரல் விட்டுவிட்டது. தரையில் விழுவதற்கு முன்னால் அவர் தாவிப் பிடித்துவிட்டார், ஒரு மூட்டையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்து. திருப்பிக் கொடுக்கவில்லை. “நான் கொண்டாந்து வண்டில வைக்கறேண்ணே” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். சுவரில் ஆள் உயரத்துக்கு யாரும் நிற்கப்போவதில்லை.

குரூப்பில் விற்பனைக்கு என்று போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமி ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார். காட்டூரில் ஒரு தம்பி, காலேஜில் பாடம் எடுக்கிறவர், வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்னார். ஒரு மத்தியானம் வந்தார். மனைவி சம்மதித்துவிட்டாளா என்று கேட்டேன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றார். அப்படியானால் இப்போதே வாங்கிவிடுங்கள் என்றேன். கேமராவைத் துடைக்கிற துணியிலிருந்து லென்ஸ் மூடி வரைக்கும் எல்லாவற்றையும் மேஜைமேல் வீட்டுக்காரிதான் எடுத்துவைத்தாள். இத்தனை வருஷம் பெட்டி பெட்டி என்று சொன்னவள், ஒவ்வொரு லென்ஸையும் முந்தானையால் பிடித்துத் தூக்கினாள்.

லென்ஸில் ஏதாவது கோளாறு உண்டா என்று அந்தத் தம்பி கேட்டார். இல்லை என்றேன். இந்த வாக்கியத்தை இவ்வளவு தைரியமாக நான் எப்போதும் சொன்னதில்லை.

ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்றார். தாராளமாக என்றேன். என்னை ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்குப் பழக்கமில்லாத இடம் அது, கேமராவுக்கு எதிர்ப்பக்கம். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அந்தத் தம்பிக்கு நல்ல கை. கேமரா சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பொறாமையாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, இதைத் தூக்கித் தூக்கி உங்கள் முதுகு கூன் விழும், பெண் கொடுக்கமாட்டார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அவர் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார்.

“சார், கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்களேன்.”

“சிரிச்சுட்டுதான் தம்பி இருக்கேன்.”

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு எடுத்தார். வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். மேஜையில் தண்ணீர் இருந்தது.

படத்தை அவருடைய லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினார். இமை முடி ஒவ்வொன்றாக நின்றது. காலையில் அவள் சவரம் செய்துவிட்டபோது தாடையில் விட்டுப்போன நாலு வெள்ளை முடி தெரிந்தது. கண்ணுக்குள் ஜன்னல் கம்பி தெரிந்தது. கண் என்னவோ சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. அதற்குக் கீழே, கன்னம், வாய் எதுவும் அசையவில்லை. காய்ந்த களிமண்ணைத் தேய்த்து வைத்த மாதிரி ஒரு முகம். எத்தனையோ பேருக்குச் சொந்த முகத்தை எடுத்துக் கொடுத்தவன், என்னுடையதை அப்போதுதான் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக மில்காரர்கள், ஏன் கோபமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்பது நினைவுக்கு வந்தது. நான் அவர்களிடம் ஜோக்கு சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சீரியஸா இருந்தாலும் நல்லாத்தான் சார் இருக்கு” என்றார் அந்தத் தம்பி. சாம்பிளுக்கு இதைக் குரூப்பில் போடலாமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார். ஜாக்கிரதையான ஆள். அதில் எனக்கு நிம்மதி.

சாயந்தரம் குரூப்பில் படம் வந்தது. நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஓரம் வரைக்கும் ஷார்ப், தோலின் நிறம் பிரமாதம், இந்த லென்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாமி எதுவும் எழுதவில்லை. வீட்டுக்காரி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பி என் பக்கத்தில் வைத்தாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல ஜோக்கு ஒன்றை, செத்தவர்கள் ஆடமாட்டார்கள் மாதிரி மட்டமானது இல்லை, உண்மையிலேயே நல்லதாக ஒன்றை, எனக்கே சொல்லிக்கொண்டு பலமாகச் சிரித்துப் பார்த்தேன். சத்தம் வந்தது. முகம், அடுத்த வீட்டுக்காரன் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.